ஓரடிக்கு ஓரங்குலம்: சிற்றடுக்களை செய்யும் பாடம்



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு டிப்ளமோதான். மகள் குடும்பத்தோடு இருக்க ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) வந்து சேர்ந்தேன். ரயில் ஓடாத தீவில் ரயில்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். வேலையைக் கொடுத்தவள் என் பேத்தி.

ஒருநாள் தமிழ்ப் பாடம் படித்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, அம்மின்னா என்ன?" என்று கேட்டாள். "அரைக்கிற கல்லும்மா" என்றேன். "அப்ப ஆட்டுக்கல்?" "அதுவும் அரைக்கிற கல்தான்." "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு?" என்றாள். படம் வரைந்து காட்டியும் விளங்கவில்லை. அப்போதுதான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு அடுக்களையைச் சிறிய அளவில் செய்து, நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் வைப்பதென்று தீர்மானித்தேன். அம்பாசமுத்திரம் மரச்சொப்புக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் சொப்புச் சாமானில் பானையும் குடமும் ஒரே உயரம் இருக்கும். விளையாட அது போதும். பாடம் சொல்ல அளவு வேண்டும்.

1. அளவு

ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக வடிவமைத்து 1924இல் முடிந்த பொம்மை வீடு இந்த அளவுதான். அது இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற அம்மையார் 1940களில், துப்பறியும் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்க, மரணம் நடந்த அறைகளை இதே அளவில் செய்தார். அறையில் கிடக்கும் சின்னப் பொருள்கூடச் சாட்சி சொல்லும் என்பது அவர் நடத்திய பாடம்.

கணக்கு எளிது. நிஜத்தில் ஓர் அங்குலம், மாதிரியில் சுமார் 2.1 மில்லிமீட்டர். எங்கள் அடுக்களை பத்தடிக்கு எட்டடி. மாதிரியில் பத்தங்குலத்துக்கு எட்டங்குலம். அலமாரித் தட்டில் அடங்கிவிடும். முன்சுவரை விட்டுவிடுங்கள். பொறியாளர்கள் வெட்டுப்படம் வரைவது போல, உள்ளே இருப்பது தெரியட்டும்.

அளவுக்கு எங்கே போவது? வீடு கைமாறிப் போயிற்று. ஆனால் அம்மி என் அக்கா வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டேன். அக்கா டேப்பைத் தேடவில்லை. "நீளம் ரெண்டு சாண், அகலம் ஒரு சாணும் ரெண்டு விரக்கடையும்" என்றாள். ஒரு சாண் ஒன்பது அங்குலம், ஒரு விரற்கடை முக்கால் அங்குலம் என்று கொண்டால் நீளம் 18, அகலம் பத்தரை. மாதிரியில் 38 மில்லிமீட்டரும் 22 மில்லிமீட்டரும். ஐந்தடி உலக்கை ஐந்தங்குலம் ஆகும்.

2. பொருள்கள்

அம்மி, ஆட்டுக்கல்: எம்-சீல் இரண்டு பகுதியையும் பிசைந்து, இறுகுவதற்குள் வடிவம் கொடுக்க வேண்டும். இது பெரியவர்கள் கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை. பாதி இறுகியதும் பழைய பல்துலக்கியின் மயிரால் மெதுவாகக் குத்தினால் உளி கொத்திய தடம் விழும். அம்மிக்குக் குழவி படுத்து உருளும். ஆட்டுக்கல்லில் குழவி குழிக்குள் நின்று சுற்றும். பேத்தி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கையில் எடுத்து உருட்டிப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

உலக்கை: மூங்கில் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து 4 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டு வாருங்கள். நுனியில் பூணுக்குத் தகட்டுத் துண்டு. நம் தீவுப் படாக் மரத்தில் செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் துளைகள் பெரியவை. இந்த அளவில் வெடிப்பு விட்டது போலத் தெரியும்.

வட்டில்: மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாள். என் வயதுக்காரர்கள் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் கீறி வெட்டி, அழிரப்பர் மேல் வைத்துக் கோலிக்குண்டால் அழுத்தினால் குழிந்துவிடும்.

சுளகு (சில ஊர்களில் முறம்), உறி: ஈர்க்குச்சியை பிளேடால் நாலாகக் கீறிப் பின்ன வேண்டும். உறிக்குத் தையல் நூலே வடக்கயிறு போலத் தெரியும். நூலைப் புரி பிரித்து ஓர் இழை மட்டும் எடுங்கள்.

தானியம்: கடுகைக் கடுகாக வைக்க முடியாது. இந்த அளவில் ஒரு கடுகு நெல்லிக்காய் பருமன் ஆகிவிடும். ஆகவே கடுகைச் சின்ன வெங்காயமாக வைத்தேன். சுளகில் பரப்பிய அரிசி, மெல்லிய ரவை.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் முறை மைதாப் பசையால் ஒட்டினேன். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. மிச்சத்தைக் கரப்பான் தின்றது. பெவிக்காலே நல்லது. இன்னொன்று, கடற்கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டையோ சங்கையோ எடுத்து இதில் பதிக்காதீர்கள். பவளமும் பல சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. சிரட்டையும் ஈர்க்குச்சியும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

3. தேய்மானம்

எல்லாம் செய்து அடுக்கியபின் பார்த்தால் கடைச் சரக்கு மாதிரி இருந்தது. குறை என்னவென்று இரண்டு நாள் யோசித்தேன். தேய்மானம் இல்லை!

வளைவில் கிடக்கும் தண்டவாளத்தில் வெளிப்பக்கத் தண்டவாளத்தின் உட்புறம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே வண்டிகள் எப்படிப் போய் வந்தன என்று சொல்லிவிடுவோம். அடுக்களையும் அப்படித்தான். அம்மியின் நடுப்பகுதி குழிந்திருக்க வேண்டும். அம்மா உட்கார்ந்த இடத்தில் தரை வழுவழுப்பாக வேண்டும். அரிவாள்மணையின் அலகு நடுவில் ஒடுங்கியிருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே சுவரிலும் உத்தரத்திலும் புகைக்கரி வேண்டும்.

கரிக்குக் கரித்தூளை உலர்ந்த தூரிகையில் தொட்டு, அடுப்பிலிருந்து மேல்நோக்கி விசிறி போல இழுத்தேன். கீழே அடர்த்தி, போகப் போக மங்கல். நன்றாக வந்தது. ஆனால் பார்க்க என்னவோ போல இருந்தது. சரி, ஒரு புகைக்கூண்டு வைத்துவிட்டால் அழகாக இருக்குமே என்று அட்டையில் ஒன்று செய்து, படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்கா உடனே கூப்பிட்டாள். "தம்பி, நம்ம வீட்ல ஏதுடா கூண்டு? அம்மை கெடந்து இருமுனது ஒனக்கு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. ஆனால் மறைக்கப் பார்த்தேன் என்பதுதான் உண்மை. எங்கள் அடுக்களையில் ஒரே ஒரு சன்னல், அதுவும் அடுப்புக்கு எதிர்ச்சுவரில். புகை அம்மாவின் முகத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சினின் புகையை எப்படி மேலே இழுப்பது என்று எனக்குத் தெரியும். வெப்பக் காற்று எழும்ப எவ்வளவு திறப்பு வேண்டும் என்று தெரியும். நூறு செங்கல்லும் ஒரு கொத்தனாரும் போதும். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கூண்டு கட்ட வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. கடைசிக் காலத்தில்தான் எரிவாயு அடுப்பு வந்தது. இருமல் அதற்குப் பிறகும் போகவில்லை.

அட்டைக் கூண்டை எடுத்துவிட்டேன். கரியை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

கொலுவன்று வந்தவர்கள் எல்லோரும் சுளகையும் உறியையும் பாராட்டினார்கள். பேத்தி மட்டும் கரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூட்டிக்குக் கண்ணு எரியாதா தாத்தா?" என்றாள். "எரியும்மா" என்றேன். "நீங்க ஏன் ஒண்ணும் பண்ணல?" என்றாள். அம்மி எது, ஆட்டுக்கல் எது என்று சொல்லத் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி

பிள்ளைகளே, இந்த விடுமுறையில் ஒரே ஒரு பொருள் செய்யுங்கள். முதலில் ஊரில் இருக்கும் ஆச்சியையோ அத்தையையோ கூப்பிட்டு அளவு கேளுங்கள். சாண் கணக்கில் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மில்லிமீட்டராக மாற்றலாம். அந்தப் பொருள் எந்த இடத்தில் தேய்ந்திருந்தது, அதைப் பிடித்தவர் கை எங்கே வலித்தது என்றும் கேளுங்கள். பெரியவர்களே, பிள்ளைகள் கேட்கும்போது அடுக்களையின் மணத்தை மட்டும் சொல்லாமல் புகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.