பழந் துப்பாக்கிக் குழல்களின் முத்திரைகள்

பழம் பொருளைப் புதுக்குதல் வேறு. அது கூறும் சாட்சியத்தை மாற்றுதல் வேறு. இவ்வேற்றுமை, இங்கிலாந்து தேசத்துப் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் செப்பனிடும் தொழிலில் தெளிவாக விளங்குவதால், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இருவகைப் பொறிப்புகள் உள. குழல்களை இணைக்கும் மேற்பட்டையில், அதனைச் செய்தவனுடைய பெயரும் ஊரும் பெரும்பாலும் காணப்படும். குழல்களைக் கழற்றினாலன்றித் தோன்றாத அடிப்புறத்தில் சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டு வெடித்து, அதனைத் தாங்கிய குழலுக்கே ஆங்கு முத்திரை இடுவர்.

முத்திரையோடு ஓர் எண்ணும் உண்டு. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமவுருண்டைகளாக வார்த்தால், ஒவ்வொன்றின் விட்டமும் 0.729 அங்குலமாகும், அவ்வளவு துளையுள்ள குழலின் எண் 12. பதின்மூன்றாக வார்த்தால் விட்டம் 0.710 அங்குலம், எண் 13. எண் பெருகத் துளை சிறுகும். பன்னிரண்டாம் எண் தோட்டாவுக்கென்றே செய்த பழங்குழல்களிலும், துளையளவு 13 எனக் குறிக்கப்பட்டவை பல.

இனி, துருவேறிக் குழிவிழுந்த குழலின் உட்புறத்தைச் செப்பனிடுபவன், குழி மறையுமளவும் இரும்பைத் தேய்க்கிறான். 13 எனக் குறித்த குழலின் துளை இன்று 0.729 அங்குலமாயின், சுவரின் கனத்தில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு அங்குலம் குறைந்துவிட்டது. முன்பு சோதனையைத் தாங்கிய குழல் இதுவன்று. இவ்வுண்மையை வெளியிடுவது அச்சிற்றெண்ணேயாகும். அதனை அராவி, 12 எனப் பொறித்து விற்பின், வாங்கியவன் ஐயமின்றித் தன் இடக்கையை அக்குழலின்கீழ் வைத்துச் சுடுவான். குழல் வெடிப்பின் அக்கையின் கதி யாதாகும்! இதனாலன்றோ 1868-ஆம் ஆண்டின் குழற்சோதனைச் சட்டம் போலி முத்திரையிடுதலைக் குற்றமாக்கிற்று.

அற்றேல், மேற்பட்டையிலுள்ள பெயரை மாற்றுவதால் எவர்க்கும் ஊறில்லையே எனின், அதுவும் பொருந்தாது. புறத்துருவை அராவுங்கால் எழுத்துக்கள் தேய்தல் இயல்பு. பழைய வரிவழியே அவற்றை ஆழப்படுத்துவது புதுக்குதலேயாம். எளிய துப்பாக்கியில் புகழ்பெற்றோன் பெயரைப் பொறிப்பதோ களவாகும். வாங்குவோன் பொருளையும், பெயருடையோன் புகழையும் அது ஒருங்கே கவரும்.

செய்யத்தக்க நெறியும் அந்நாட்டிலேயே உண்டு. குழல் முற்றும் பழுதுற்றால், அடிப்பாகத்தை மாத்திரம் நிறுத்திப் புதுக்குழல்களைப் பொருத்துவர். அவ்வாறு செய்தவற்றை மீண்டும் சோதித்து, ‘ஸ்லீவ்ட்’ என்னும் சொல்லை அவற்றின்மேல் பொறித்தல் வேண்டுமென்பது விதி. அச்சொல்லால் விலை குறையும். ஆயினும் வாங்குவோன் தான் பெறுவது இன்னதென்று அறிந்தே பெறுவான்.

ஆதலின், பழைய குறியை அழியாது நிறுத்தித் தன் வேலைக்குரிய குறியை அதன் அருகே இடுதலே செப்பனிடுவோனுக்கு அறமாகும். பழுதை நீக்கும் உரிமை அவனுக்கு உண்டு; பழுதிருந்ததென்னும் செய்தியை நீக்கும் உரிமை இல்லை.