காயலான் கடை இரும்பும் நம் புராஜெக்ட்டும்



இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நாம் முதலில் போய் நிற்பது காயலான் கடையில்தான். "புது ராடு கட்டுப்படியாகாதுடா, பழசு வாங்கிக்கலாம்" என்பது நம் கணக்கு. ஆனால் புது இரும்பு விலை ஏறினால் பழசும் கூடவே ஏறிவிடுகிறது. ஏன்?

பழைய இரும்பு குப்பை அல்ல, உலைக்குத் தீனி. பெரிய ஆலைகள் இரும்புத் தாதுவையும் கோக்கையும் ஊதுலையில் போட்டு உருக்குகின்றன. சிறிய ஆலைகள் பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் மின்சார இண்டக்ஷன் உலையில் உருக்கிக் கம்பியாக்குகின்றன. கோக்குக்கு வேண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி நமக்கு இறக்குமதி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் அதன் விலை எகிறியது, எஃகு விலையும் எகிறியது. கம்பிக்கு நல்ல விலை கிடைக்கும்போது சிறிய ஆலைக்காரர் கூடுதல் விலை கொடுத்தாவது பழைய இரும்பை அள்ளுவார். அந்த விலைதான் பெரம்பலூர்த் தராசுவரை வருகிறது. 2022 மே மாதம் மத்திய அரசு எஃகுப் பொருள்கள் பலவற்றுக்கு 15 சதவீதம் ஏற்றுமதி வரி போட்டது; நவம்பரில் எடுத்துவிட்டது.

இதில் அடிபடுவது கிரில் பட்டறைக்காரர். 150 கிலோ கேட்டுக்கு விலை பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். சரக்கு எடுக்கப் போவதற்குள் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 1500 ரூபாய் போச்சு. வீட்டுக்காரரிடம் கேட்டால், "பேசுன பேச்சுதானே?" என்பார். அது கூலியில்தான் கழியும்.

நமக்கு வருவோம். தராசை மட்டும் நம்ப வேண்டாம். ராடின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 25 மி.மீ. ராடுக்கு 3.86 கிலோ.

அடுத்தது, என்ன இரும்பு என்பது. கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டிங் வீலில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் என்றால் பொறி நீளமாக மஞ்சளாக ஓடும், பூப்பது குறைவு. கார்பன் கூடக்கூட மத்தாப்பூ மாதிரி வெடித்துப் பூக்கும். வார்ப்பிரும்பில் பொறி குட்டை, சிவப்பு.

அரியலூரில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரிகள் ஓடுவதால் பழைய ஸ்பிரிங் பட்டைகள் நிறையக் கிடைக்கும். பார்க்க மைல்டு ஸ்டீல் பட்டை மாதிரியே இருக்கும். அதை ஃபிரேமுக்கு வாங்காதீர்கள். சூடேற்றாமல் வெல்டு வைத்தால் பற்றின் ஓரத்திலேயே விரிசல் விடும். உளிக்கு அருமையான சரக்கு. எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாள் அடிப்பதும் அதில்தான்.