முகூர்த்த நாளும் மூன்று ஷிஃப்டும்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாக குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது பதினெட்டாயிரத்துச் சொச்சம். மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். கூடவே கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். போன வருடம் ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கம் 14 கல்யாணம். சில மாதம் கேமரா சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டையும் விட மனசில்லை. அப்பாவோ, 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம்டா' என்கிறார். இதற்கிடையில் பாடியில் ஒரு பட்டறைக்காரர், இரவில் நாலு மணி நேரம் வந்து பார்ட்ஸ் செக் பண்ணிக் கொடுக்கக் கூப்பிடுகிறார். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் இருக்கும் என் மச்சான், ஸ்டூடியோ போட்டால் பங்குக்கு வருகிறேன் என்கிறான். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா?
– பெயர் வேண்டாம், கொரட்டூர்.

பதில்: தம்பி, பாடி பட்டறையை முதலில் பேசி முடித்துவிடுவோம். போகாதீர்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 60. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. "நம்மளது சின்னப் பட்டறை, மஸ்டர்ல பேரே ஏத்த மாட்டேன்" என்று அவர் சொல்வார். பெயர் ஏறாத இடத்தில் அடிபட்டால் நீங்கள் அங்கே இருந்ததற்கே சாட்சி கிடையாது.

இதே எஸ்டேட்டில் 26 வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு காலை ஆறரை மணிக்கு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரத்தில், பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. போய்ப் பார்த்தேன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றில் மரச்சக்கை செருகியிருந்தது. ஒரு கை சும்மா இருந்தால் வேலை வேகமாக ஓடும், அதற்காக. அதைக் கண்டும் காணாமல் விட்டது கம்பெனியின் தப்பு, எங்கள் தப்பு. ஆனால் முந்தைய இரவு முழுக்க அவர் வேறொரு பட்டறையில் நின்றிருந்தார் என்பது ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அழுதபோதுதான் தெரிந்தது.

இனி கேமரா. 'வேறு வேலையே கூடாது' என்று எல்லா இடத்திலும் ஒரே சட்டம் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பெனி வேலை விதிகளான நிலையாணைகளுக்கு (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) இருந்த பழைய மத்திய மாதிரி வாசகத்தின் சாரம் இதுதான்: முதலாளியின் நலனுக்குப் பாதகமாகக்கூடிய வேறு வேலையைத் தொழிலாளி ஏற்கக் கூடாது. 'பாதகமாக' என்ற சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வளசரவாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பை வீடியோ எடுத்தால் பிரேக் பார்ட்ஸ் செய்யும் கம்பெனிக்கு என்ன பாதகம்? ஆனால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 'எழுத்துமூல அனுமதியின்றி வேறு எந்தத் தொழிலும்' என்று போட்டிருந்தால் கதை வேறு. வீட்டு பீரோவில் இருக்கும் அந்தக் காகிதத்தை இன்று ராத்திரியே எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் அதைப் படிப்பதில்லை.

2022இல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அவர்கள் அதே நேரத்தில் போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதே வருடம் ஸ்விக்கி, வேலை நேரத்துக்கு வெளியே, கம்பெனிக்கு இடைஞ்சல் இல்லாத வேறு பணியைச் செய்துகொள்ளலாம் என்று தன் ஆட்களுக்குக் கொள்கையே வகுத்தது. உங்கள் பாடி பட்டறை முதல் வகை. கேமரா இரண்டாம் வகை.

சட்டத்தைவிட உங்களுக்குப் பெரிய தலைவலி பஞ்சாங்கம். ஒரு கல்யாணம் என்பது ஒரு நாள் வேலை அல்ல. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியலில் முகூர்த்தம். ஆறிலிருந்து ஏழரை என்று பத்திரிகையில் போட்டால் நாலரைக்கே மணப்பெண் அறை வாசலில் நிற்க வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் வாரம் என்றால் ரிசப்ஷன் போச்சு, நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் தாலி கட்டுவது போச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் ரிசப்ஷன் மட்டும் தேறும். முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருவதில்லை, புதன், வியாழன், வெள்ளி என்றுதான் கொட்டிக்கிடக்கும். 14 கல்யாணத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று யோசித்தேன். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டது பாதி, லீவு பாதி. அந்த லீவில் ஈ.எஸ்.ஐ. சர்டிஃபிகேட் எத்தனை?

கோபப்படாதீர்கள். நான் பார்த்த வரையில் இரட்டை வேலைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உடம்பு சரியில்லை என்று சான்று வாங்கி நோய்க்கால உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, அதே நாளில் வேறு வேலை பார்ப்பது பொய்க் கணக்கு. மண்டபத்தில் நீங்கள் எடுத்த படத்தைக் கல்யாண வீட்டார் தேதியோடு ஊருக்கே காட்டுவார்கள். ஃபோர்மேன் கண்ணிலும் படும். அப்போது விசாரணை 'வேறு தொழில் செய்தார்' என்று வராது, 'ஏமாற்றினார்' என்றே வரும். எந்த யூனியனாலும் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே வருடத்துக்கு இத்தனைதான் என்று ஒரு கணக்கு வையுங்கள். சம்பள லீவு எத்தனை நாள் மிச்சம், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருக்கிறாரா, அதற்குள் அடங்குவதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். என் கணிப்பு எட்டு, ஒன்பது. எடிட்டிங்கையும் ஆல்பத்தையும் ஆடிக்கும் மார்கழிக்கும் தள்ளுங்கள். அந்த மாதங்களில் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மண்டபத்துக்கு வண்டி ஓட்டுவதை அறவே விடுங்கள். சி.டி.எச். ரோட்டில் விடிகாலை ஆறு மணிக்கு லாரிக்காரரும் உங்களைப் போலவே தூங்காதவர்.

மச்சான் விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். 2021 அக்டோபர் 1 முதல் டாங்க் ஃபேக்டரி, ஆவடியில் தலைமையகம் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே வேலையில் இருந்தவர்கள் அயல்பணி என்ற கணக்கில்தான் அங்கே இருக்கிறார்கள், மத்திய அரசு ஊழியர் என்ற நிலை மாறவில்லை. அவர்களுக்கு 1964ஆம் வருடத்து நடத்தை விதிகள் உண்டு. விதி 15இன்படி முன்அனுமதி இல்லாமல் வியாபாரத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது. 'தங்கச்சி பேர்ல போட்டுக்கலாம்' என்று உங்கள் மனைவியை மச்சான் கை காட்டினால் அதுதான் மறைமுகம். தன் மனைவி பெயரில் போட்டால், குடும்பத்தார் வியாபாரம் செய்வதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. எப்போதாவது எழுதுவது, கலைப்பணி செய்வது ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. பங்குக் கடைக்கு இல்லை. (மனைவி பெயர் என்றதும் எழுத்தாளர் சுஜாதா ஞாபகம் வருகிறது. சிவில் ஏவியேஷனிலும் பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் இருந்துகொண்டே அவ்வளவு எழுதிய ரங்கராஜன், மனைவி பெயரை வைத்துக்கொண்டது ஒளிவதற்காக அல்ல. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார், குழப்பம் வேண்டாம் என்றுதான்.)

வருமான வரியில் கேமரா வருமானத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். மண்டபத்தில் ரொக்கமாக வாங்கினாலும் அது வருமானமே. சேவைக்கு ஜி.எஸ்.டி. வரம்பு வருடத்துக்கு 20 லட்சம், அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். கேமராவால் போகாது, மறைத்தால் போகலாம். ஹெச்.ஆருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள்: ஷிஃப்டுக்கு வெளியே, விடுமுறையில், கம்பெனியின் தொழிலோடு சம்பந்தமில்லாத புகைப்படப் பணி செய்ய அனுமதி வேண்டும் என்று. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், தம்பி.