ஒரு வேட்டை விளையாட்டின் குணமும் குற்றமும்

நூலொன்றை ஆராயப் புகுவோர் அதன் குணத்தையும் குற்றத்தையும் பிரித்துக் காண்டல் நம் மரபு. நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்தழகும் தனித்தனியே வகுத்துரைத்தார். வகுப்பில் அப்பகுதியைப் பயின்ற யாம், எம் மாலைப்பொழுதுகள் பலவற்றைக் கவர்ந்துகொண்ட விளையாட்டொன்றனையும் அம்முறையால் நோக்கலாமே என்று எண்ணினோம். அவ்வெண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

யாம் எடுத்துக்கொண்டது ‘மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் செகண்ட் ஜி’ என்பது. ஜப்பான் நாட்டுக் கேப்காம் நிறுவனத்தார் இதனைச் சோனியின் பி.எஸ்.பி. என்னும் கைக்கருவிக்கென ஆக்கி, 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்டனர். அவ்வாண்டில் அந்நாட்டில் மிகுதியாக விலைபோன விளையாட்டு இதுவே. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றன. 2009 ஜூனில் ‘மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்’ என்னும் பெயரோடு பிற நாடுகளுக்கும் சென்றது.

இதன் பொருள் எளிது. பனிமலை சார்ந்த சிற்றூரொன்றில் வேடன் ஒருவன் வாழ்கின்றான். அவன் பெருவிலங்குகளை வேட்டையாடி, அவற்றின் தோலும் செதிலும் எலும்பும் கொண்டு படைக்கலமும் கவசமும் செய்வித்து, அவற்றின் துணையால் இன்னும் வலிய விலங்கை நாடிச் செல்கின்றான். கதை என்று சொல்லத்தக்கது வேறு மிகுதியாக இல்லை.

முதற்கண் குணங்களைக் காண்போம். விளையாட்டுகள் பலவற்றில் பகைவரைக் கொல்லுந்தோறும் வீரனுடைய ஆற்றல் தானே வளரும். இங்கு அவ்வாறன்று. நற்படைக்கலம் பெறினும், ஆடுவோன் கல்லாதவழி வேடன் வீழ்வான். பெருவாளை ஓங்கினால் அவ்வீச்சு முடியுமளவும் திரும்ப இயலாது. மருந்து பருகினால் பருகி முடிந்து நிமிருமளவும் அசையாது நிற்றல் வேண்டும். அந்நொடியில் விலங்கு பாய்ந்தால் பருகியது வீணே. விலங்கின் உயிர் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைத் திரை காட்டாது. குறிப்பால் உணர்தலே வழி. டைக்ரெக்ஸ் என்னும் விலங்கு சினந்தால் அதன் முகமும் முன்கால்களும் சிவக்கும். இறுதி நெருங்கினால் நொண்டிக்கொண்டு தன் உறைவிடம் நோக்கிச் செல்லும். இவற்றை உற்று நோக்கியறியும் பழக்கமே வெற்றிக்கு வித்து.

இரண்டாங் குணம் கூட்டுறவு. நால்வர் தத்தம் கருவியோடு ஓரிடத்தில் அமர்ந்தால் இணையத்தின் உதவியின்றியே ஒருங்கு வேட்டையாடலாம். ஜப்பானில் இளைஞர் உணவுச்சாலைகளிலும் நிலையங்களிலும் இதன்பொருட்டே கூடினர். படைக்கலங்கள் பதினொரு வகையின. அவற்றுள் ஒன்றாகிய வேட்டைக்கொம்பு, அடித்தற்கு மட்டுமன்றி, இசைத்துத் தோழர்க்கு வலிமையூட்டுதற்கும் உரியது. நால்வர்க்கும் சேர்த்து மூன்று வீழ்ச்சியே பொறுக்கப்படும். மூன்றாவது வீழ்ச்சியோடு வேட்டை முடியும். ஒருநாள் எம் அறைத்தோழர் இருமுறை வீழ்ந்தார். யாம் அவரைக் கடிந்துகொண்டிருக்கும்போதே மூன்றாம் முறை வீழ்ந்தவர் யாமே. அவர் ஒன்றும் கூறாது மீண்டும் வேட்டைக்கு ஆயத்தமானார். பிறர் பிழை பொறுத்தலை அன்று அவரிடம் கற்றோம்.

இனிக் குற்றங்கள். அக்கைக்கருவியில் திசைக்குமிழ் ஒன்றே உண்டு. ஆகவே, இடக்கைப் பெருவிரலால் வேடனை நடத்திக்கொண்டே, சுட்டுவிரலை வளைத்துத் திசைப் பொத்தான்களால் காட்சியைத் திருப்புதல் வேண்டும். ஜப்பானியர் இப்பிடிக்குத் தனிப்பெயரே வழங்கினர். நெடுநேரம் ஆடினால் விரல் நோவெடுக்கும். காடும் மலையும் சிறு சிறு பகுதிகளாகத் துண்டிக்கப்பட்டிருத்தலின், விலங்கைப் பின்தொடருந்தோறும் காத்திருத்தல் நேரும். தொடங்குவோர்க்கு முறையாகக் கற்பித்தலும் குறைவு.

தனியே ஆடுவோர் நிலை இரங்கத்தக்கது. மிக உயர்ந்த படியிலுள்ள வேட்டைகள், பலர் கூடும் மன்றத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. ஒருவரே சென்றாலும் அங்குள்ள விலங்கின் வலிமை குறைவதில்லை. துணையாக ஒரு பூனை வருமெனினும், அது தோழர்க்கு ஈடாகாது.

எல்லாவற்றினும் பெரிய குற்றம் அரும்பொருளைப் பற்றியது. சில பொருள்கள் நூறு வேட்டைக்குச் சிலமுறையே கிட்டும். இங்குத் திறமைக்கு வேலையில்லை, நற்பேறே வேண்டும். ரத்தலோஸ் என்னும் பறக்கும் விலங்கின் செம்மணியொன்றை விரும்பி, பருவத்தேர்வுக்கு முந்திய வாரத்தில் இரவுதோறும் தனியே வேட்டையாடினோம். மேசைமேல் யாப்பருங்கலக் காரிகை விரித்தபடியே கிடந்தது. மணியும் கிட்டவில்லை, தேர்வில் மதிப்பெண்ணும் குறைந்தது. கற்றலின்றிக் காத்திருத்தலே ஆட்டமாகும்போது, அதனைப் பொழுதுபோக்கு எனல் பொருந்தாது. பொழுதிழப்பு எனலே தகும்.

குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. இவ்விளையாட்டின் கடுமை கற்பிக்கும்வரை குணம். கற்பித்து முடிந்தபின்னும் ஆடுவோனைப் பிடித்துவைத்தால் குற்றம். கூட்டத்துக்கென அமைந்தமை, தோழர் உள்ளார்க்குக் குணம், இல்லார்க்குக் குற்றம். 2018-இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு’, பகுதிகளைத் துண்டியாது இணைத்து, தொலைவிலுள்ளாரோடு இணையவழி ஆடவும் வகைசெய்து, இக்குறைகளுட் பலவற்றைக் களைந்தது. ஆயினும், ஓரறையில் முழங்கால் முட்ட அமர்ந்து, தோழர் வீழ்ந்தபோது அவர் முகத்தையே நேரிற் காணும் அந்நிலை பழைய கைக்கருவிக்கே உரியது.

ஆகவே எம் முடிபு இது: துணையொடு ஆடுக, அளவொடு ஆடுக. ஒரு வேட்டைக்குப் பெரும்பாலும் 50 நிமிடமே எல்லையாக வகுத்தனர் அதனை ஆக்கியோர். எத்தனை வேட்டை என்னும் எல்லையை வகுத்தல் நம் கடன்.