உடலுக்குள் ஓர் அமிலச் சோதனை

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமெனப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அதன் பயனாக 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது.

புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு சிக்கலான கேள்வி அடிக்கடி எழும். மூளைக் கட்டி ஒன்றுக்குக் கதிர் சிகிச்சை முடிந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் அதே இடத்தில் மீண்டும் ஒரு திட்டுத் தெரிகிறது. மறுபடி வளரும் கட்டியா அது? அல்லது கதிர்வீச்சால் இறந்துபோன திசுவா? முதலாவதானால் சிகிச்சை தொடர வேண்டும். இரண்டாவதானால் மேலும் சிகிச்சை வீண் துன்பம். சாதாரணப் படத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மண்டையோட்டைத் திறக்காமல் விடை காண முடியுமா?

வடிவம் ஒன்றானாலும் வேதியியல் வேறு. கட்டியின் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுவதை ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். இந்த அமிலத்தைச் செல்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. இரத்தத்தின் பி.எச். 7.4, கட்டியில் செல்களுக்கு வெளியே அது சுமார் 6.8 வரை இறங்கலாம். வேறுபாடு 0.6தானே என்று எண்ணாதீர்கள். ஹைட்ரஜன் அயனிகள் 4 மடங்காகிவிட்டன என்பது அதன் பொருள்! மேலும், வேகமாக வளரும் கட்டியின் செல்களில் புரதமும் மிகுதி.

செம்பருத்திப் பூச்சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பதையும், சோப்பு நீர் விட்டால் பச்சையாவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைக்குள் செம்பருத்திச் சாறு விட முடியாதே! அங்கே உதவுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம்.

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் 3 டெஸ்லா காந்தப் புலத்தில் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு இசைந்து அதிர்கின்றன. எம்.ஆர்.ஐ. படம் அந்த நீரின் குரல்தான். புரதத்தில் நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜனும் உண்டு. அதன் அதிர்வெண் இதைவிடச் சுமார் 450 ஹெர்ட்ஸ் மட்டுமே கூடுதல். எண்ணிக்கையில் மிகக் குறைவாதலால், அதன் குரல் நீரின் பேரிரைச்சலில் அமுங்கிவிடுகிறது.

ஆனால் அது ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை; நீரின் ஹைட்ரஜனோடு ஓயாமல் இடம் மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள நார்த்தாமலைத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீர்மோர்ப் பந்தல். உள்ளே வருவோர் ஒவ்வொருவருக்கும் நெற்றியில் சந்தனம் இடுகிறார்கள். ஒரு நேரத்தில் உள்ளே இருப்பவர் பத்துப் பேர்தான். ஆனாலும் சிறிது நேரத்தில் சந்தனம் இட்ட நெற்றிகளைக் கூட்டமெங்கும் காணலாம் அல்லவா?

பந்தல்தான் புரதம்; கூட்டம்தான் நீர். புரத ஹைட்ரஜனுக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் ரேடியோ அலையைச் செலுத்தி அதன் காந்தத் தன்மையைக் கலைக்கிறார்கள். கலைந்த ஹைட்ரஜன் நீருக்குள் போக, நீரின் குரல் சற்றே தாழ்கிறது. எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்தால் போதும். புரதத்தைக் கொண்டு இவ்வாறு படமெடுக்கும் முறையை 2003இல் ஜின்யுவான் சௌ, பீட்டர் வான் ஸைல் ஆகியோரின் குழு வெளியிட்டது.

இங்கே ஒரு சிக்கல். சந்தன நெற்றிகள் பெருகக் காரணங்கள் இரண்டு: பந்தல்கள் அதிகமாகலாம், அல்லது ஆட்கள் விரைவாக வந்து போகலாம். அதுபோலவே புரதம் மிகுந்தால் அளவீடு உயரும். அமிலம் மிகுந்தால் இடமாற்றம் மந்தமாகி அளவீடு தாழும். பக்கவாதத்தில் இரத்தம் கிடைக்காத மூளைச் செல்லுக்குள்ளேயே அமிலம் சேர்வதால் அளவீடு தாழ்கிறது. கட்டியின் செல்லோ அமிலத்தை வெளியேற்றிவிடுகிறது; எனவே அங்கு அளவீடு உயர்வதற்குப் புரதமே முக்கியக் காரணம்.

அப்படியானால் செல்லுக்கு வெளியே உள்ள அமிலத்தை எப்படி அளப்பது? எக்ஸ்ரே படங்களுக்காக இரத்தத்தில் செலுத்தும் அயோபமிடால் என்ற மருந்து கைகொடுக்கிறது. அதில் இடம் மாறும் ஹைட்ரஜன் இரண்டு வகை. அமிலத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் மாறுகின்றன. ஒன்றின் அளவீட்டை மற்றதால் வகுத்தால், மருந்தின் அளவு கணக்கிலிருந்து நீங்கிவிடும், பி.எச். மட்டும் எஞ்சும். வகுபடும் இரு எண்களிலும் உள்ள பொதுக் காரணியை நீங்கள் அடித்துவிடுவது போலத்தான்.

இனி, முதல் கேள்விக்கு வருவோம். உயிருள்ள கட்டியில் புரத அளவீடு உயர்ந்தும், கதிர்வீச்சால் இறந்த திசுவில் தாழ்ந்தும் இருப்பதை 2011இல் எலிகளில் காட்டினார்கள். பின்னர் நோயாளிகளிடமும் இம்முறை ஆராயப்பட்டது. இது ஒன்றை மட்டும் நம்பி மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை. ஆயினும், கத்தியின்றி ஒரு சான்று கிடைப்பது சிறிய உதவியா?

சிந்திக்க: பி.எச். 0.6 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் 4 மடங்காகின்றன. 0.3 குறைந்தால் எத்தனை மடங்காகும்?