கோடையும் தொலைவும்: பிழைக் கருத்தைத் திருத்தும் ஒரு வழி

வகுப்பிற்குள் நுழையும் மாணாக்கர் உள்ளம் எழுதாத ஏடு அன்று. அன்றாடப் பட்டறிவு அதில் பல விளக்கங்களை முன்னரே எழுதி வைத்துள்ளது. அவற்றுள் சில பிழையானவை, ஆயினும் உறுதியானவை. பாடநூல் விடையை மனனம் செய்து தேர்வில் எழுதிய பின்னும் பழைய விளக்கம் அசையாதிருப்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

'கோடை ஏன் வருகிறது?' என வினவினால், 'பூமி கதிரவனை நெருங்குவதால்' என்பர் பலர். அடுப்பை அணுகினால் சுடும் என்னும் பட்டறிவில் பிறந்த விடை அது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. 1987இல் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம் ஒன்றில், பருவ மாற்றத்தையோ நிலவின் பிறைகளையோ விளக்குமாறு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேட்கப்பெற்ற 23 பேருள் 21 பேர் பிழைபடவே விடையிறுத்தனர். நகைப்புக்கு ஆளான மாணவன் தன் கருத்தை விடுவதில்லை, மறைத்துக் கொள்கிறான்.

இவ்விடத்தே அறிதிறன் முரண் என்னும் முறை கைகொடுக்கும். பூமி கதிரவனுக்கு மிக அண்மையில் வரும் மாதத்தை முதலில் அவன் தாளில் எழுதட்டும். பெரும்பாலும் 'மே' என்றே எழுதுவான். பின்னர் உண்மையைக் காட்டுவோம். சனவரித் தொடக்கத்தில், மார்கழிப் பனியில் நாம் போர்வை தேடும் நாள்களில், தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ.; சூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்க்கோ பொங்கல் கோடையில் வருகிறது. பூமி ஒன்று, தொலைவு ஒன்று. பருவம் மட்டும் இரண்டு!

முரணைக் காட்டியதோடு நின்றுவிட்டால் பயனில்லை. மாணவன் உண்மையை மறுக்கலாம். பழைய கருத்திலேயே ஒட்டுப் போட்டுக் கொள்ளலாம். பழையது போதாது என்ற உணர்வோடு, புதியது விளங்கவும் நம்பத்தக்கதாகவும் பயன்தரவும் வேண்டும் என 1982இல் போஸ்னரும் அவர்தம் துணையாசிரியர் மூவரும் எழுதினர்.

புதியதைக் கட்டி எழுப்பக் கோட்டூர்புரமே போதும். அங்குள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் பிர்லா கோளரங்கம் 1988இல் திறக்கப்பெற்றது. முன்கணிப்பு ஏதும் எழுதாமல் வரிசையாய் நுழைந்து வரிசையாய் வெளியேறும் சுற்றுலா, நம் கருத்தில், பாதி வீணே. குவிமாடத்தினுள் கதிரவன் பாதையைக் கண்டபின் வெளியே வந்து வெயிலில் ஒரு மீட்டர்க் கோலை நிறுத்துக. சூன் 21 உச்சிப்பொழுதில் நிழல் எத்திசையில் விழும்? 'வடக்கே' என்பர் சிலர். 'நிழலே விழாது' என்பர் சிலர். நிழல் தெற்கே விழும். நீளம் ஏறத்தாழ 18 செ.மீ. (சென்னையில் அன்றைய உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12.11 அளவில் ஆகும்.) சென்னை 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆதலின் கதிரவன் தலைக்கு நேரே நிற்பது ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டி, ஆண்டில் இருமுறை மட்டுமே.

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதை இந்நிழலிலிருந்தே மாணவன் உய்த்துணரலாம். சாய்ந்து விழும் ஒளி மிகுதியான நிலத்தில் பரவுகிறது, பகலும் சுருங்குகிறது. நம் ஊர் வெம்மையில் கடற்காற்றுக்கும் மழைக்கும் பங்குண்டு. அதனையும் சொல்லிவிடுதல் நேர்மை. அதே கோலின் நிழல் டிசம்பர் 21இல் எவ்வளவு நீளும், எத்திசையில் விழும் என்பதை அவனே எழுதி வைக்கட்டும். அன்று உச்சிப்பொழுதில் அளந்தால் வடக்கே ஏறத்தாழ 74 செ.மீ. இருக்கும்.