பழைய பிக்கப்பில் வேக்கம் பழுது: எந்த வழியில் தேடுவது?

டீசல் எஞ்சினில் வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியைத் திராட்டில் தகடு மறித்து நிற்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் பிறக்கிறது. பழைய டீசலில் அந்தத் தகடே இல்லை. ஆகவே டாடா 207, பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்குத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டியிருக்கிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்நேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றும். மெல்லிய குழாய் வழியாக எஞ்சின் ஆயில் பம்புக்கு வந்து, தடித்த ஓஸ் வழியாகச் சம்புக்குத் திரும்பும். பம்ப் இழுக்கும் வெற்றிடம் ஓஸையும் ஒருவழி வால்வையும் கடந்து பிரேக் பூஸ்டரை அடையும். பாரத் ஸ்டேஜ் 3 காலத்து வண்டிகள் சிலவற்றில் எக்சாஸ்ட் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வுக்கும் ஒரு கிளை போகும்.

பூஸ்டருக்குள் இருப்பது ஒரு ரப்பர் டயாபிரம். அதன் குறுக்களவு 23 செ.மீ. என்றும், உள்ளே 500 மி.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் என்றும் கொண்டால், வெளிக்காற்று அதை ஏறத்தாழ 280 கிலோ விசையோடு தள்ளும். ஓட்டுநரின் காலுக்குக் கிடைக்கும் துணை அதுதான். வெற்றிடம் போனால் பிரேக் அடியோடு போய்விடாது. ஆனால் மிதி கல்லாகிவிடும். தூத்துக்குடி பக்கம் தருவைக்குளத்திலிருந்து ஐஸ் மீனோ, முள்ளக்காட்டிலிருந்து உப்போ ஏற்றி வரும் வண்டியை அந்த நிலையில் நிறுத்த ஒரு காலின் பலம் போதாது.

தூத்துக்குடிக் கரையில் இந்தப் பழுதுக்கு உப்பும் ஒரு காரணம், ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் அல்ல. ரப்பர் ஓஸை விறைக்க வைத்து வெடிக்கச் செய்பவை எஞ்சின் சூடும் ஆயிலும்தான். உப்பு தின்பது ஓஸைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பையும், இடையில் ஓடும் இரும்புக் குழாயையும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் சேஸிஸ் ஓரமாக இறங்கிக் குழாயின் அடிப்பக்கத்தில் தங்கும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும்போதே அடியில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

பழுதைத் தேடும் வழிகளில் காலும் காதும் முதலில் வருகின்றன. எஞ்சினை நிறுத்தி, மிதி கெட்டியாகும் வரை நாலைந்து முறை அழுத்தி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் துணை வரவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்திப் பிடித்து, அப்படியே எஞ்சினை நிறுத்தினால், 30 விநாடி வரை மிதியின் உயரம் மாறக்கூடாது. மிதிக்கும்போது ஒரு கணம் 'உஸ்' என்று கேட்பது இயல்பு. கால் அசையாமல் இருக்கும்போதும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் பூஸ்டரின் உள்வால்வையோ டயாபிரத்தையோ சந்தேகிக்கலாம். பேட்டரி விளக்கு எரிவதும் மிதி இறுகுவதும் ஒன்றாக வந்தால் பெல்டைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது.

சோப்பு நுரை இங்கே அதிகம் உதவாது. வெற்றிடக் கசிவு காற்றை உள்ளே இழுக்குமே தவிர, வெளியே குமிழி விடாது. மேனிஃபோல்டைச் சுற்றி ஸ்பிரே அடித்து எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பது பெட்ரோல் வண்டிக்கான வழி. டீசலில் பூஸ்டர் வழி மேனிஃபோல்டோடு சேர்வதில்லை என்பதால் அது எதையும் காட்டாது, தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். ஸ்கேனரும் இங்கே உதவாது. மெக்கானிக்கல் டீசல் பம்ப் கொண்ட பழைய பிக்கப்பில் அதைச் செருக இடமே இராது.

மிகையாக மதிக்கப்படும் வழி, பார்ட்ஸை மாற்றிப் பார்ப்பது. மிதி இறுகியதும் புது பூஸ்டர், அதிலும் சரியாகாவிட்டால் புது பம்ப், பிறகு ஓஸ். தொழிற்பயிற்சி முடித்து வரும் பையன்கள் இதையே கம்பெனி முறை என்று நம்புகிறார்கள். ஐஸ் உருகுகிறது என்று வாசலில் நிற்கும் வண்டிக்காரரும் அதைத்தான் கேட்கிறார். வேகமான வேலை போலத் தோன்றும் இது, மூன்று விதத்தில் கெடுதல் செய்கிறது.

பூஸ்டரைக் கழற்றினால் மாஸ்டர் சிலிண்டரையும் அசைக்க வேண்டும். பூஸ்டரின் தள்ளுதண்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி மிகச் சிறியது. தண்டு நீண்டுவிட்டால் பிரேக் விடாமல் பிடித்து டிரம் சுடும். குறைந்துவிட்டால் மிதி வீணாக ஆழம் போகும். இல்லாத பழுதொன்று புதிதாகச் சேர்கிறது. அடுத்தது ஆயில். பம்பின் வால்வு கெட்டு ஆயில் ஓஸுக்குள் ஏறியதால் டயாபிரம் ஊறிப்போயிருந்தால், புது பூஸ்டரும் அதே ஆயிலைத்தான் குடிக்கும். சில மாதங்களில் அதே வண்டி அதே வாசலுக்கு வரும். அதேபோல், வெளியே கசிவே இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் வழியாக அது பூஸ்டருக்குள் உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் பூஸ்டரை மட்டும் மாற்றுவது பணத்தைக் கடலில் போடுவது.

மூன்றாவது கெடுதல் கற்பவனுக்கு. ஒரே நாளில் இரண்டு பாகங்களை மாற்றிப் பிரேக் சரியானால், எது கெட்டிருந்தது என்பது அவனுக்கு என்றைக்கும் தெரியாது. கழற்றியதை இரும்புக்கடைக்குப் போடுமுன் ஓஸை நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பவன் ஒரு நாளில் கற்றுக்கொள்வதை, மாற்றிப் பார்ப்பவன் பத்து வண்டியிலும் கற்பதில்லை.

இதற்கு எதிரே நிற்பவை ஒரு வேக்கம் கேஜும் கையால் இயக்கும் சிறு பம்பும். முதலில் கேஜை வேக்கம் பம்பின் வாயிலேயே மாட்ட வேண்டும். கடல் மட்டத்தில் நல்ல பம்ப் 24 பாதரச அங்குலத்துக்கு மேல் காட்டும். குறைந்தால் பெல்ட், ஆயில் வரும் குழாய், கடைசியாகப் பம்பின் தகடுகள். அங்கே சரியாக இருந்தால் ஓஸின் மறுமுனையில் மாட்டிப் பார்க்கலாம். இடையில் விழும் அளவு ஓஸையோ குழாயையோ காட்டிக்கொடுக்கும். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினாலே போதும்: பூஸ்டர் பக்கமிருந்து காற்று போக வேண்டும், பம்ப் பக்கமிருந்து போகக்கூடாது. பிறகு கைப்பம்பால் பூஸ்டரில் 20 அங்குலம் ஏற்றி முள்ளைக் கவனித்தால், அது இறங்குகிறதா நிற்கிறதா என்பதே தீர்ப்பு. இ.ஜி.ஆர். கிளையை இதற்கிடையில் சின்னத் தக்கையால் அடைத்து வைப்பது வழக்கம்; அடைத்ததும் அளவு ஏறினால் கசிவு அந்தப் பக்கம்.

மலைக்கு மீன் கொண்டுபோகும் வண்டிகளில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காற்றழுத்தமே குறைவு. அங்கே கேஜ் ஆறேழு அங்குலம் குறைத்துக் காட்டினால் அது பழுதல்ல.

இந்த வேலைக்குக் கைவேகத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். முள் அசையாமல் நிற்பதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடிகிற மாணவனுக்கு இந்தத் தொழில் வரும். அப்படி முடியாதவனைப் பெற்றோரின் விருப்பத்துக்காக இதில் நிறுத்தி வைப்பது அவனுக்கும் நல்லதல்ல, அவன் கை வைக்கும் பிரேக்குக்கும் நல்லதல்ல. தனக்கு எது பிடிக்கிறது என்பதைப் பதினேழு வயதுப் பையன் கண்டுபிடிக்கக் கொஞ்சம் காலம் விடலாம்.

பழுது நீங்கியதும் கிளிப்புகளை ஸ்டெயின்லெஸ் வகைக்கு மாற்றி, ஓஸ் எக்சாஸ்ட் பக்கம் சாயாமல் கட்ட வேண்டும். முதலில் செய்த கால் சோதனையை மறுபடி செய்து, பம்ப் வாயிலும் பூஸ்டர் முனையிலும் கிடைத்த அளவுகளைத் தேதியோடு வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் அதே வண்டி வரும்போது எந்த முனையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.